காரின் குளிரும் ஒரு கிளாஸ் எண்ணெயும்

காரில் குளிர்சாதனம் என்பது ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமே உரிய பொருளாக இருந்தது. இன்று பழைய கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கும் தோட்டக் குடும்பமும் முதலில் கேட்கும் கேள்வி, "ஏர்கோன் வேலை செய்கிறதா?" என்பதுதான். நம் நாட்டு வெயிலில் அந்தக் கேள்வி நியாயமானதே. கைக்குழந்தையையோ நோயாளியையோ ஏற்றிக்கொண்டு பட்டணத்து மருத்துவமனைக்குப் போகும்போது அதன் அருமை தெரியும்.

அதே ஏர்கோன் கெட்டுப்போனால்? "கம்ப்ரசர் பிடித்துக்கொண்டது, மாற்ற வேண்டும்" என்று பட்டறையில் சொல்வார்கள். செலவைக் கேட்டால் தலை சுற்றும். கடன் வாங்கி மாற்றுகிறோம். சில மாதங்களில் புதுக் கம்ப்ரசரும் பிடித்துக்கொள்கிறது. பட்டறைக்காரர் பொருளைக் குறை சொல்கிறார். பொருள் விற்றவர் பட்டறையைக் குறை சொல்கிறார். இடையில் நட்டப்படுவது நாம்தான்.

இந்தத் தொல்லைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முக்கியமான ஒன்று, பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: கம்ப்ரசருக்குள் ஓடும் எண்ணெய். பல சிறிய கார்களில் அதன் மொத்த அளவு ஒரு தேநீர்க் கிளாஸைத் தாண்டாது. அந்தக் கொஞ்ச எண்ணெய்க்கும் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால், பட்டறையில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் குளிர்சாதனம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது குளிரைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஓரிடத்திலுள்ள வெப்பத்தை எடுத்து வேறோர் இடத்தில் கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான். வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் சிலிர்க்கிறதல்லவா? வேர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துச் செல்வதே காரணம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

காரில் இதே வேலையை ஒரு வாயு செய்கிறது. கம்ப்ரசர் அந்த வாயுவை அமுக்குகிறது. அமுங்கிச் சூடேறிய வாயு, காரின் முன்புறமுள்ள கண்டென்சருக்குப் போய், வெளிக்காற்றில் சூட்டை விட்டுத் திரவமாகிறது. டிரையர் என்னும் சிறு குடுவை அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. பிறகு ஒரு சிறிய வால்வின் வழியே கூலிங் காயிலுக்குள் பாய்ந்து ஆவியாகிறது. அப்போது காரினுள் இருக்கும் சூட்டை அது இழுத்துக்கொள்கிறது. மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. கார் ஓடும்வரை இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கும்.

கம்ப்ரசருக்குள் பிஸ்டன்கள் வேகமாக இயங்குகின்றன. இரும்போடு இரும்பு உரசாமலிருக்க எண்ணெய் வேண்டும். என்ஜின் எண்ணெய் என்ஜினைவிட்டு வெளியே போவதில்லை. குளிர்சாதன எண்ணெயோ வாயுவோடு சேர்ந்து குழாய்களுக்குள் பயணம் போகிறது. போன எண்ணெய் திரும்பி வந்தால்தான் கம்ப்ரசர் பிழைக்கும். அது திரும்பி வர வேண்டுமானால் வாயுவும் எண்ணெயும் ஒத்துப்போக வேண்டும். நேயர்களே, இன்றைய பேச்சின் சாரம் இந்த ஒத்துப்போதல்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்துக்காகக் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் சாதனத்தை வகுத்தார். மனிதர் சுகத்துக்காக அல்ல; ஈரக் காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி அச்சு கெடாமலிருக்கவே அது செய்யப்பட்டது. இன்றைய குளிர்சாதனத்தின் தொடக்கம் அதுவென்பர்.

அக்காலத்தில் குளிர்விக்கப் பயன்பட்ட வாயுக்கள் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவை. இவை நஞ்சுள்ளவை. சில எளிதில் தீப்பற்றுபவை. வீடுகளில் குளிர்பெட்டி கசிந்து உயிரிழந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வாயுவை, குழிகளில் குலுங்கி ஓடும் காருக்குள் அடைத்து வைக்க யார் துணிவார்?

1928ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய உதவியாளர்களும் இதற்கு ஒரு வழி கண்டனர். குளோரின், ஃபுளோரின், கார்பன் மூன்றும் சேர்ந்த புதிய வாயுவை அவர்கள் முன்வைத்தனர். 1930இல் அமெரிக்க வேதியியலாளர் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, பிறகு அதை ஊதி ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீயும் பற்றாது என்று ஒரே மூச்சில் மெய்ப்பித்தார். பிரியான் 12 என்று உலகம் அறிந்த வாயு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்த வாயுவுக்கு இன்னொரு நல்ல குணமும் இருந்தது. பூமியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கனிம எண்ணெயோடு அது நன்றாகக் கலந்தது. எண்ணெய் எங்கே போனாலும் வாயு அதைக் கரைத்து இழுத்துக்கொண்டு வந்து கம்ப்ரசரில் சேர்த்தது. இவ்வாறு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த வாயுவும் அந்த எண்ணெயும் சேர்ந்தே இருந்தன.

காரில் குளிர்சாதனத்தை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பெக்கார்ட் நிறுவனம். அது 1939ஆம் ஆண்டின் இறுதியில் காட்சிக்கு வந்தது. விலை 274 டாலர். கூலிங் காயில் காரின் பின்புறத்தில் சாமான் வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசரைத் தனியே நிறுத்த வழியே இல்லை. என்ஜின் ஓடும்வரை அதுவும் ஓடும். நிறுத்த வேண்டுமானால் என்ஜினை அணைத்து, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! வாங்குவோர் குறைவாக இருந்தபடியால் 1941ஆம் ஆண்டோடு அது கைவிடப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1953இல் கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் மீண்டும் குளிர்சாதனக் கார்களை விற்றன. 1954இல் நாஷ் நிறுவனம், வேண்டும்போது கம்ப்ரசரை இணைத்து வேண்டாதபோது விலக்கும் மின்காந்தக் கிளட்சோடு, எல்லா உறுப்புகளையும் காரின் முன்பகுதியிலேயே அடக்கிக் காட்டியது. இன்று பொத்தானைத் தட்டியதும் "டக்" என்று கேட்கும் ஓசை, இப்படிப்பட்ட கிளட்ச் பிடிக்கும் ஓசையே.

அக்காலத்துக் கம்ப்ரசர்கள் பல சிறிய என்ஜின் போலவே கட்டப்பட்டவை. அடியில் எண்ணெய்த் தொட்டி உண்டு. திருகாணியைக் கழற்றி, அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தால் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். குறைந்தால் ஊற்றலாம்; கூடினால் எடுக்கலாம். கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை அது.

1962இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆறு உருளைகள் கொண்ட புதுக் கம்ப்ரசர் ஒன்றை வெளியிட்டது. ஏ6 என்பது அதன் பெயர். அதற்குள் எண்ணெய்த் தொட்டியும் எண்ணெய்ப் பம்பும் இருந்தன. ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் எண்ணெய் அதற்குத் தேவைப்பட்டது. ஆனால் கார்கள் சிறுத்தன. பெட்ரோல் விலை ஏறியது. எடை குறைந்த சிறிய கம்ப்ரசர்கள் தேவைப்பட்டன. 1970களில் தொட்டியே இல்லாத கம்ப்ரசர்கள் வரத் தொடங்கின. ஜப்பானிய நிறுவனங்களும் சிறிய கார்களுக்கேற்ற கம்ப்ரசர்களைப் பெருமளவில் செய்து உலகெங்கும் அனுப்பின.

தொட்டி போனதும் எண்ணெய் எங்கே போயிற்று? முழுச் சுற்றிலும் பரவிவிட்டது. கொஞ்சம் கம்ப்ரசரில், கொஞ்சம் கண்டென்சரில், கொஞ்சம் டிரையரில், கொஞ்சம் கூலிங் காயிலில், குழாய்களின் உட்சுவரில் மெல்லிய படலமாகக் கொஞ்சம். இதோடு அளவுக் குச்சியின் காலமும் முடிந்தது எனலாம். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று இனிக் கண்ணால் பார்க்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும். பட்டறை வேலையில் இது மிகப் பெரிய மாற்றம். கருவி மாறியதைப் பார்த்தவர் பலர். அதோடு வேலைமுறையும் மாற வேண்டும் என்று உணர்ந்தவர் சிலரே.

அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு காரின் சுற்று முழுவதற்கும் 120 மில்லிலிட்டர் எண்ணெய் தேவை என்று அதன் கையேடு கூறுவதாக வைத்துக்கொள்வோம். கம்ப்ரசர் கெட்டுவிட்டது, மற்ற உறுப்புகள் நலமாக உள்ளன. பழைய கம்ப்ரசரைக் கழற்றி, அதிலுள்ள எண்ணெயை அளவுக் குவளையில் வடித்தால் 45 மில்லி வருகிறது. அப்படியானால் மீதி 75 மில்லி எங்கே? கண்டென்சரிலும் காயிலிலும் குழாய்களிலும் தங்கியிருக்கிறது. இப்போது புதுக் கம்ப்ரசரைத் திறக்கிறோம். பல கம்ப்ரசர்கள் சுற்று முழுவதற்கும் வேண்டிய எண்ணெயோடுதான் ஆலையிலிருந்து வருகின்றன. ஆகவே அதில் 120 மில்லி இருக்கிறது. அப்படியே மாட்டினால், 120ம் 75ம் சேர்ந்து 195 மில்லி ஆகிவிடும். எனவே புதியதிலிருந்து 75 மில்லியை வடித்துவிட்டு, 45 மில்லியோடு மாட்ட வேண்டும். எடுத்தது எவ்வளவோ, வைப்பதும் அவ்வளவு.

இனி இரண்டாவது நிலைமை. அதே கார், அதே கம்ப்ரசர். ஆனால் இம்முறை கம்ப்ரசர் உள்ளே நொறுங்கி, இரும்புத் துகள்கள் சுற்று முழுவதும் பரவிவிட்டன. கண்டென்சரையும் டிரையரையும் புதிதாக மாற்றுகிறார்கள். குழாய்களையும் காயிலையும் மருந்து விட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்துகிறார்கள். இதைத்தான் முழுச் சுற்றையும் புதுப்பித்தல் என்கிறோம். இப்போது சுற்றில் பழைய எண்ணெய் ஒரு துளியும் இல்லை. புதுக் கம்ப்ரசரிலுள்ள 120 மில்லியும் அப்படியே இருக்க வேண்டும். "போன தடவை 75 மில்லி வடித்தோமே" என்ற பழக்கத்தில் இப்போதும் வடித்துவிட்டால், சுற்று முழுவதற்கும் 45 மில்லிதான் மிஞ்சும். அது போதாது. புதுக் கம்ப்ரசர் வந்த வழியே போய்விடும்.

பார்த்தீர்களா, நேயர்களே? அதே கார், அதே பொருள். ஆனால் ஒரு நிலைமையில் சரியான செயல், மறு நிலைமையில் பெருந்தவறு. காரணம் தெரியாமல் கைப்பழக்கத்தை மட்டும் கற்றால் வரும் ஆபத்து இது.

"குறைந்தால்தானே கெடுதல்? கொஞ்சம் கூடினால் என்ன?" என்று கேட்கலாம். கூடிய எண்ணெய் குழாய்ச் சுவரில் தடித்துப் படிந்து, வெப்பம் கடந்து போவதைத் தடுக்கிறது. குளிர் குறையும், அழுத்தம் ஏறும். எண்ணெய் திரவமாகத் திரண்டு பிஸ்டன் முன்னே வந்தால், அது அமுங்காது. வால்வுத் தகடு முறியும். இரப்பர் தோட்டத்து நேயர்களுக்கு இது புதிதல்ல. பாலை உறைய வைக்கும் ஆசிட் குறைந்தால் பால் உறையாது. கூடினால் ஷீட் கெடும். ஸ்டோரில் அளந்துதானே ஊற்றினார்கள்? அந்த அளவுணர்ச்சி இங்கும் வேண்டும்.

இதுவரை எண்ணெயின் இடம் மாறிய வரலாற்றைக் கண்டோம். இனி அதன் இனம் மாறிய வரலாறு.

1974ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். மிட்ஜ்லியின் வாயு கீழே எதனோடும் சேர்ந்து அழிவதில்லை. மெல்ல மெல்ல வானத்தின் மேலடுக்குக்குப் போய், அங்கே சூரிய ஒளியில் உடைந்து, குளோரினை வெளிவிடுகிறது. அந்தக் குளோரின், சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்றனர். பலர் நம்ப மறுத்தனர். 1985இல், தென் துருவப் பகுதியில் ஆய்வு செய்த ஜோ ஃபார்மன் முதலிய பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் அங்கே ஓசோன் பெருமளவு குறைவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதன் பிறகு உலகம் விழித்துக்கொண்டது. 1987 செப்டம்பர் 16ஆம் நாள் கனடாவின் மொன்றியல் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. சிங்கப்பூரும் மலேசியாவும் 1989ஆம் ஆண்டில் அதில் இணைந்தன. மொலினாவும் ரோலண்டும், பவுல் குருட்சன் என்பவரோடு சேர்ந்து, 1995இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆபத்தில்லை என்று ஊதிக் காட்டப்பட்ட வாயு, அறுபது ஆண்டுகளுக்குள் உலகுக்கே ஆபத்தானது. மனித அறிவு ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது மறுபக்கம் மறைந்துவிடுகிறது என்பதற்கு இது நல்ல பாடம்.

1990களின் முற்பகுதியில் புதிய கார்கள் 134ஏ என்ற வாயுவுக்கு மாறின. அதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் அது பழைய கனிம எண்ணெயோடு கலக்க மறுத்தது! தண்ணீரும் நல்லெண்ணெயும் போல இரண்டும் தனித்தனியே நின்றன. கம்ப்ரசரைவிட்டுப் போன எண்ணெய், தாழ்ந்த இடங்களில் தேங்கி நின்றது, திரும்பி வரவில்லை. ஆகவே புதிய வாயுவுக்கென்று புதிய செயற்கை எண்ணெய்கள் உருவாக்கப்பட்டன. பி.ஏ.ஜி. எனப்படுவது ஒன்று, எஸ்டர் அல்லது பி.ஓ.இ. எனப்படுவது மற்றொன்று. பி.ஏ.ஜி. எண்ணெயிலும் 46, 100, 150 என்று தடிப்புக்கேற்ற எண்கள் உண்டு. எந்தக் கம்ப்ரசருக்கு எந்த எண் என்பதைச் செய்தவரே குறித்திருப்பார்.

1985இல் வெளிவந்த நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகாவின் தலைமுறைக் கார்கள் பழைய வாயுவின் காலத்தவை. வளரும் நாடுகளில் 2010ஆம் ஆண்டுக்குள் அந்த வாயுவின் உற்பத்தியும் பயனும் நிறுத்தப்பட வேண்டும் என்பது உடன்படிக்கை. மலேசியாவில் 1999ஆம் ஆண்டில் குளிர்வாயுவைக் கையாள்வது பற்றிய விதிமுறைகளும் வந்தன. எனவே பழைய கார்கள் பல புதிய வாயுவுக்கு மாற்றப்பட்டன. வாயுவை மட்டும் மாற்றி, எண்ணெயை மாற்றாமல் விட்ட இடங்களில் கம்ப்ரசர்கள் வறண்டு போயின. பழைய குளோரின் மிச்சம் பி.ஏ.ஜி. எண்ணெயைக் கெடுக்கும் என்பதால், அப்படி மாற்றும் கார்களுக்கு எஸ்டர் எண்ணெயே பெரிதும் பயன்பட்டது.

பி.ஏ.ஜி. எண்ணெய்க்கு ஒரு குறையுண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உப்பைப் போல உறிஞ்சும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மூடி திறந்த டப்பாவை மறுநாளும் மறுவாரமும் பயன்படுத்தினால், எண்ணெயோடு தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுகிறோம். அது உள்ளே துருவையும் அமிலத்தையும் உண்டாக்கும். அதனால்தான் நல்ல பட்டறையில், டப்பாவைத் திறந்தால் உடனே மூடுவார்கள். சுற்றைத் திறந்தால் டிரையரை மாற்றுவார்கள். வாயு ஏற்றுமுன் வேக்குவம் பம்பு வைத்துச் சுற்றிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பார்கள். கம்ப்ரசரை மாட்டியபின் அதன் முன்தகட்டைக் கையால் பல முறை சுற்றிவிடுவார்கள். உள்ளே தேங்கிய எண்ணெய் முதல் ஓட்டத்திலேயே பிஸ்டனைத் தாக்காமலிருக்கவே இந்த வழக்கம்.

வரலாறு அத்தோடு நிற்கவில்லை. 134ஏ வாயு ஓசோனைக் கெடுக்காவிட்டாலும், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல ஆயிரத்து நானூறு மடங்கு வலியது என்று கணக்கிட்டனர். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் சட்டம் இயற்றி, 2017 முதல் அங்கே விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் அதை விலக்கியது. அதன் இடத்தில் 1234ஒய்எஃப் என்ற வாயு வந்தது. அதற்கும் அதற்கேற்ற எண்ணெய் வேண்டும். 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில், 134ஏ போன்ற வாயுக்களை உலகெங்கும் படிப்படியாகக் குறைக்கவும் உடன்பாடு ஏற்பட்டது.

மின்சாரத்தால் ஓடும் கார்களில் மின் கம்ப்ரசர் வந்துவிட்டது. அதற்குள்ளே உயர் மின்னழுத்த மோட்டாரே எண்ணெயில் நனைந்தபடி ஓடுகிறது. மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. வகை எண்ணெயே அத்தகைய பலவற்றுக்கு உரியது. அங்கே பி.ஏ.ஜி. சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் கெடும். தவறான எண்ணெய் முன்பு பொருளுக்குக் கேடு. இனி ஆளுக்கும் ஆபத்து.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து குடும்பத் தலைவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று கேள்விகள். கம்ப்ரசரை மாற்றும்போது, "பழையதிலிருந்து வடித்த எண்ணெய் எவ்வளவு?" என்று கேளுங்கள். "எந்த எண்ணெய், எந்த எண், புது டப்பாவா?" என்று கேளுங்கள். "முந்தியது ஏன் கெட்டது, துகள் பரவியிருக்கிறதா?" என்று கேளுங்கள். குழாய் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால், அங்கே வாயு கசிகிறது என்று அறியுங்கள். குழாய் திடீரென வெடித்து வாயு போயிருந்தால், எண்ணெயும் கூடவே போயிருக்கும். வாயுவை மட்டும் நிரப்பினால் போதாது. மரியாதையாகக் கேட்டால் நல்ல தொழிலாளி கோபிக்க மாட்டார், மகிழ்ந்து விளக்குவார்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்திலிருந்து பட்டறை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர், பக்கத்தில் நின்று பார்த்தே தொழில் கற்கிறார்கள். அது நல்ல பள்ளிதான். ஆனால் பார்த்துக் கற்றவனுக்கு நேற்றைய கார் மட்டுமே தெரியும். காரணம் கேட்டுக் கற்றவனால் நாளைய காரையும் பழுதுபார்க்க முடியும். நூறாண்டுக்குள் வாயு எத்தனை முறை மாறிற்று, எண்ணெய் எத்தனை முறை மாறிற்று என்று கேட்டீர்கள். இன்னும் மாறும். மாறாதவை இரண்டு: வாயுவும் எண்ணெயும் ஒத்துப்போக வேண்டும், எடுத்ததை அளந்து, வைப்பதை அளக்க வேண்டும். பட்டறைப் பெட்டியில் ஸ்பானரோடு ஓர் அளவுக் குவளையும் ஒரு சிறு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைக்கும் பழக்கமுள்ள தொழிலாளியை எந்த முதலாளியும் எளிதில் இழக்கமாட்டார். வசதி கிடைக்கும்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து சான்றிதழும் பெறுங்கள்.

ஒரு கிளாஸ் எண்ணெய்தான். அதை அளக்கத் தெரிந்த கைக்கு மதிப்புண்டு. அதைப் பற்றிக் கேட்கத் தெரிந்த குடும்பத்துக்கு மிச்சமுண்டு.